விசில் நிற்கும் இடம்

பாலத்தடி டிப்போ
5-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பா பாதி நலம். மீதிப் பாதியை விசாரித்து அடுத்த பையில் அனுப்புகிறேன்.

முதலில் புகார். விசாரணை நடக்கிற மலை டிப்போவுக்கு ஒரே பகலில் போய்விடலாம் என்று நீதானே சொன்னாய்? சாயங்காலம் ஆகிவிட்டது, நாங்கள் இன்னும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் நம் வீட்டுக் கொடியில் காயும் துணி தெரியும் போலிருக்கிறது. மூன்று பஸ் ஏறினோம், மூன்றிலிருந்தும் இறங்கினோம். ஊரெல்லாம் மலை ஏறுகிறது. நமக்கு மட்டும் இறங்குமுகம்.

காலையில் ஏறியது விரைவு வண்டி. அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, நான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் வண்டி கிளம்பியதும் எழுந்துவிட்டார். "டிரைவர், நிறுத்துங்க. பின்னாடி பார்க்கணும்." என்னைத் தாண்டி, ஒரு கூடையைத் தாண்டி, கூடைக்காரியையும் தாண்டி இறங்கிப்போய், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழே பார்த்தார். "என்னய்யா, எதாவது விழுந்துடுச்சா?" என்று ஜன்னலுக்கு ஒரு தலை நீண்டது. அப்பா தலையை நிமிர்த்தவில்லை. திரும்ப ஏறவும் இல்லை. பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாவது பஸ்ஸில் என் மூளையை உபயோகித்தேன். அவர் கண்ணயர்ந்தபோது செருப்பைக் கழற்றி முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். செருப்பில்லாமல் எப்படி இறங்குவார்? வெறுங்காலோடு இறங்கினார். செருப்பு இப்போது மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விசாரணைக்கு அதுவாவது நேரத்துக்குப் போய்ச் சேரும். அப்பா என் ரப்பர் செருப்பில் இருக்கிறார், குதிகால் வெளியே.

கவலைப்படாதே. விசாரணை புதன்கிழமைதானே. இந்தக் கடிதத்தை டிப்போக்களின் தபால் பையில் போட டைம் கீப்பர் ஒத்துக்கொண்டார். போன் வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். எந்த டிப்போவிலும் போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது, சுற்றிலும் காதுகள் இருக்கின்றன.

உன்
வால்

*

6-ஆம் தேதி, சனி

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் காலைப் பையில் வந்தது. தையல் மிஷினுக்கு அடியில் வைத்துப் படித்தேன். சிரித்துவிட்டேன், பிறகு ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது. அந்தச் செருப்பு புதுசு.

நானே வந்திருக்க வேண்டும். டிப்போவில் லீவு கேட்டால், தைக்க வேண்டிய சீட் உறையெல்லாம் கிழிந்து கிடக்கிறது, உனக்கென்ன மலையில் வேலை என்கிறார்கள். உன் தம்பிக்கும் பரீட்சை. வேறு வழியில்லாமல்தான் உன்னை அனுப்பினேன். பதினாறு வயசுப் பெண்ணின் கையில் ஒரு ஆம்பிளையை ஒப்படைக்கிறோமே என்று அன்றைக்கே மனசு அடித்துக்கொண்டது.

நீ விளையாட்டுப் பெண், ஆனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அந்த அறையில் உட்கார்ந்து, தன் கண்டக்டர் சில்லறை மாமா மலை வளைவில் எப்படி விழுந்தார் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிரைவர் மேல்தான் தப்பு என்று எழுதி வேலையை எடுத்துவிடுவார்கள். வேலை போனால் டிப்போ கொடுத்த இந்த வீடும் போகும். மாமா போன நாளிலிருந்து என்னிடம்கூட அவர் அந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயாவது பேசட்டும்.

அப்பாவிடம் குறும்பு வேண்டாம். வேண்டாம் என்றுதான் எழுத நினைத்தேன். எதையாவது செய். எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

வெயிலில் நிற்காதே. இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அம்மா

*

முச்சந்தி டிப்போ
7-ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையாவது செய் என்றாய். செய்தேன். இனிமேல் என்னிடம் அப்படிச் சொல்லாதே.

இன்று ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் புதுசு, மீசைகூட இன்னும் முழுசாக வேலையில் சேரவில்லை. அவர் காதில் போய், "அண்ணா, ஜன்னலோரம் இருக்காரே, அவர் யாருன்னு தெரியுமா? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. மேலிடத்துலேருந்து வந்திருக்கார்" என்றேன்.

"செக்கரா?"

"நான் எதுவும் சொல்லலை."

"ரப்பர் செருப்பு போட்டிருக்காரே. அதுவும் பொம்பளைச் செருப்பு."

"அதுதாண்ணா வேஷம்."

செக்கர் இருக்கும் பஸ்ஸில் செக்கரை இறங்கவிடுவார்களா? அப்பா எழுந்தால் கண்டக்டரே கையைக் கட்டிக்கொண்டு "உட்காருங்க சார்" என்பார் என்று கணக்குப் போட்டேன். முதல் பாதி பலித்தது. அந்த அண்ணன் கைக்குழந்தைக்குக்கூட டிக்கெட் கொடுக்கப் போனார். எல்லாருக்கும் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பதினோரு வருஷம் அப்பாவோடு ஒரே வண்டியில் வந்து, ஒருவருக்கும் மீதி கொடுக்காமலே பேர் வாங்கிய நம் சில்லறை மாமா இதைப் பார்த்திருந்தால் தொழிலுக்கே அவமானம் என்றிருப்பார்.

ஆனால் விதிப்படி விசில் ஊதவும் ஆரம்பித்தார். நிற்க ஊதினார், கிளம்ப ஊதினார், ஆடு குறுக்கே வந்தால் ஊதினார். அப்போதுதான் அப்பாவைக் கவனித்தேன். விசில் தொடங்கியதும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். ஊதி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நின்றதும் எழுந்துவிடுகிறார். விசிலுக்காக இல்லை அம்மா. விசில் நின்றதற்காக.

வழக்கம்போல இறங்கினார், சக்கரத்துக்குக் கீழே பார்த்தார். நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "யாரைத் தேடறீங்கப்பா?" என்றேன்.

"ஊதிட்டேதாம்மா இருந்தான்" என்றார்.

இந்த மூன்று நாளில் அவராகப் பேசியது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நடந்தே இந்த டிப்போவுக்கு வந்தோம். கடைசியில் என் பொய்தான் அவரை இன்று அத்தனை தடவை எழுப்பியிருக்கிறது. நிற்காத விசில் எந்த பஸ்ஸில் இருக்கிறது என்று விசாரித்து எழுது. அதில் ஏற்றிவிடுகிறேன்.

உன்
வால் (சுருட்டி வைத்திருக்கிறேன்)

*

8-ஆம் தேதி, திங்கள்

கண்ணு,

உன் மேல் தப்பில்லை. மாமா போன இந்த மூன்று மாதமும் பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கே தெரியவில்லை. குக்கர் விசில் அடங்கியதும் அவர் எழுந்து வாசலுக்குப் போவார். காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வண்டியில் வந்தவர்கள் எழுதிக்கொடுத்ததை இங்கே ஆபீசில் பார்த்தேன். உனக்கும் தெரியட்டும். குறுகலான வளைவில் வண்டி ஒரே வீச்சில் திரும்பாது, பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அப்போது கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊதுவார். ஊதும்வரை வரலாம், நின்றால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு ஒரே பனிமூட்டம், கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பா விசிலை நம்பி எடுத்தார். விசில் நின்றது, உடனே பிரேக் போட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, கீழே பள்ளம்தான். வண்டி தட்டி விழுந்தாரா, கால் வழுக்கி விழுந்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அதைத்தான் அவரிடம் கேட்கப் போகிறார்கள்.

டைம் கீப்பரிடம் அழுதேன். அவர் மேலே உள்ள டிப்போக்களுக்கெல்லாம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பையில் போட்டுவிட்டார். அப்பா ஏறுகிற வண்டியில் யாரும் விசில் ஊத மாட்டார்கள். வண்டியின் தகரத்தில் கையால் தட்டுவார்கள். எல்லாரும் அப்பாவோடு பழகியவர்கள், மறுக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் இருக்கிறது. போய்விடலாம். போய்விடலாம்தானே?

அம்மா

*

அடிவார டிப்போ
9-ஆம் தேதி, செவ்வாய்

அம்மா,

நாளைக்குக் காலை முதல் பஸ். அதற்கு மேல் மலைதான். மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் சாதனையைப் பார்த்து.

காரியத்தைத் தட்டிக்கழிக்கிற ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். இவர்கள் தட்டித் தட்டியே எங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஒரு கண்டக்டருக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது. "என்னாண்ணே, கை வலிக்குதா?" என்று பயணி ஒருவர் கேட்க, விஷயம் பரவி, படிக்கட்டில் தொங்கியவர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஒரு பாட்டுக்குழுவே பஸ் ஏறியது போலிருந்தது. அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். தூக்கத்தில் எச்சில் வழிந்தது. துடைக்காமல் அப்படியே விட்டேன், எழுந்துவிடுவாரோ என்று.

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்காது. தம்பியை என் அலமாரிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

உன்
வால் (மறுபடி நீட்டிவிட்டேன்)

*

வளைவு
10-ஆம் தேதி, புதன்

அம்மா,

இங்கே டிப்போவும் இல்லை, பையும் இல்லை. கீழே இறங்குகிற பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ரோடு போடுகிறவர்களின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் சில வளைவுகள் தட்டித் தட்டியே போய்விட்டன. பிறகு வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய வளைவு வந்தது. மாமா விழுந்த வளைவு இது இல்லையாம், அது இன்னும் மேலே. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய், பள்ளத்தின் ஓரத்தில் நின்று தகரத்தில் தட்டினார். வண்டி பின்னால் நகர்ந்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் எனக்கே தட்டுவது கேட்கவில்லை.

அப்பா எழுந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தட்டாத தம்பி, டிரைவருக்குக் கேக்காது. விசில ஊது" என்று கத்தினார்.

"பரவாயில்லண்ணே, நீங்க உட்காருங்க."

"ஊதுடா."

அம்மா, நாம் எல்லாரும் சேர்ந்து அந்தத் துண்டுச் சீட்டை அனுப்பினோமே, இதை ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை? நான் யோசிக்கவில்லை. எனக்குக் காரியம் ஆனால் போதும் என்று இருந்தது.

டிரைவர் நிறுத்திவிட்டார். அப்பா இறங்கினார். கண்டக்டருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவர் சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊது" என்றார். அவர் ஊதினார். வண்டி பின்னால் வந்தது. விசில் நின்றது. வண்டியும் நின்றது. கண்டக்டர் அப்பாவின் கையில் அப்படியே இருந்தார்.

ஆனால் அப்பா விடவில்லை. "விடுங்கண்ணே, வண்டி திரும்பிடுச்சு" என்று அவர் கெஞ்சினார். நான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். அத்தனை பேரும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

"ஏறுங்கப்பா, நேரமாச்சு" என்றேன். "இவன் போயிடுவான். பின்னாடி வர்ற வண்டிக் கண்டக்டரை யாரு பிடிச்சுக்குவா?" என்றார். பஸ் எங்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது.

பத்து மணி ஆனபோது, "அப்பா, இப்ப உங்க பேரைக் கூப்பிடுவாங்க" என்றேன். "கூப்பிடட்டும்மா. போனாலும் என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாதே" என்றார்.

அதிலிருந்து இங்கேதான். ஏறுகிற பஸ், இறங்குகிற பஸ் எல்லாவற்றுக்கும் எழுந்து போகிறார். கண்டக்டர் இறங்கியதும் பின்னால் நின்று பிடித்துக்கொள்கிறார். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் பிடிக்கவிடுகிறார்கள். கடைசி பஸ் போயாச்சு என்று பொய் சொல்லிப் பார்த்தேன். "பால் வண்டி இருக்கு" என்றார். நேர அட்டவணை முழுக்க அவருக்கு மனப்பாடம். அவரை ஏமாற்றுவதற்கு என்னிடம் வேறொன்றும் மிச்சமில்லை.

ரோடு வேலைக்காரர்கள் ரொட்டியும் டீயும் கொடுத்தார்கள். ஒரு அக்கா தன் போர்வையையும் கொடுத்தாள். பயமாக இல்லை. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நீ வா அம்மா.

உன் மகள்

*

11-ஆம் தேதி, வியாழன்

கண்ணு,

உன் கடிதமும் ஆபீஸ் கடிதமும் ஒரே நேரத்தில் வந்தன. ஆள் வரவில்லை, வேலை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி மடித்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு மாதக் கடைசிவரை கெடு. அதைப் பிறகு பார்க்கலாம். நான் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குக் கடைசிப் பரீட்சை நாளைக் காலை. முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் போகிற பஸ்ஸில் வருகிறது.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்டக்டர் ஓரத்தில் நிற்கிறார், அப்பா அவருக்குப் பின்னால் நிற்கிறார் என்றால், அப்பா நிற்கிற இடம் எது?

அவரை இழுக்காதே. ஏறச் சொல்லாதே. விசாரணையைப் பற்றிப் பேசாதே. அடுத்த பஸ் வந்து அவர் எழுந்து போனால் நீயும் கூடவே போ. ரோட்டுப் பக்கம் காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள். நான் வரும்வரை விடாதே.

அம்மா