எதிர் பல்கனியிலிருந்து வந்த பாட்டு

இன்று கபோ சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்துச் சீனக் கடையில் யாரோ போனில் உன் ஊர் மலைப்பாட்டைப் போட்டார்கள். ஒரு புதுப் பாடகி மைக்கை உதட்டோடு வைத்து, பாதி மூச்சும் பாதி குரலுமாகக் குழைந்து பாடினாள். தக்காளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரேத்தோத் தெருவில் நம் பல்கனிகள் இரண்டும் நேருக்கு நேர். நடுவில் முற்றம். நீ தொண்டையைத் திறந்து, குரலை நெற்றிவரை ஏற்றி, கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே போவாய். "மலையிலை பாடினா எதிர்மலைக்காரி பதில் குடுக்கவேணும். குடுக்காட்டி, கைவிட்டிட்டாள் எண்டுதான் அர்த்தம்" என்று உன் உடைந்த இத்தாலியனில் சொன்னாய். எனக்குச் சீனம் எங்கே தெரியும்? "ஓம், நிக்கிறன்" என்று நீட்டிக் கத்துவேன். "உங்கடை சத்தத்துக்குக் கீழ்வீட்டு சிஞ்ஞோரா பொலிசைக் கூப்பிடப் போறா" என்பார் என் மனுசன்.

மிலானோவில் இருக்கும் உன் மகள் அதே பாட்டைப் புதுமுறையில், மெல்லிய குரலில் பாடி அனுப்பியபோது உனக்குப் பிடிக்கவில்லை. "இதென்ன, காதுக்குள்ளை ரகசியம் சொல்லுறாளோ? இந்தக் குரல் ஒரு ஓடையைத் தாண்டுமோ?" என்றாய். ஆனாலும் கள்ளி, தினமும் அதைப் போட்டுக் கேட்டாய்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் நான் பருப்புத் தாளித்துக்கொண்டு நின்றேன். முற்றத்திலிருந்து பாட்டு வந்தது. மெல்லிசாக, மூச்சுக் கலந்து, நின்று நின்று. "மகளின்ரை பாட்டைப் போட்டிட்டாள்" என்று மனுசனிடம் சொல்லிச் சிரித்தேன். முதல் வரியே மூன்று தரம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லையடி.

உடுப்பு எடுக்கப் போனபோதுதான் கண்டேன். பல்கனித் தரையில், கம்பியைப் பிடித்தபடி நீ. அம்புலன்சுக்காரர் கதவை உடைத்தபோது உன் போன் அறைக்குள் அணைந்து கிடந்தது. பாடியது நீதான். உரத்துப் பாட உனக்கு மூச்சில்லை. இத்தனை வருசம் கேட்ட குரலை, பாழாய்ப்போனவள், நான் உன்னுடையதென்று மட்டுக்கட்டவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாய்?

செத்தவீட்டுக்கு உன் மகள் வந்தாள். என் பிள்ளைகளோடு வளர்ந்து தமிழ் பழகியவள், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அன்ரி, அம்மா ஆரையும் கூப்பிட்டவாவோ?"

"இல்லைப் பிள்ளை. நித்திரையிலை போற மாதிரிப் போயிட்டா."

அவள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லடி.