பாதியாகத் தேய்த்த குமிழ்கள்

மைனி,

என் சட்டையை வாசலுக்கு வெளியே கொடியில் போட்டிருக்கிறாள் என் வீட்டுக்காரி, அதுதான் உங்கள் ஓரகத்தி. இரண்டு முறை துவைத்தும் உடைமர விறகின் புகை வாசம் போகவில்லையாம். "கேஸ் வந்து எத்தன வருசமாச்சு, இன்னும் புகை நாத்தம்" என்று காலையிலிருந்து முணுமுணுக்கிறாள். எனக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை. கூட்டாஞ்சோறு கிண்டி இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீங்கள் வந்து நிற்கிற வாசம் அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு தடவை படித்தார்கள், நான் மூன்று தடவை படித்தவன். என் எழுத்தில் பிழை இருக்காது.

உங்கள் டிரம் அடுப்பைச் சரிசெய்துவிட்டேன்.

அந்த டிரம்மை நான் தோளில் தூக்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? கிரேக்க நாட்டுக் கப்பலின் கேப்டன் என் வேலையைப் பார்த்து மெச்சி, தன் கையால் கொடுத்தார் என்றேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்:

"பாதியக் கழிச்சிட்டுச் சொல்லும் கொழுந்தனாரே."

"சரி மைனி, கப்பல்ல சமையல்காரன் குடுத்தான்."

"இன்னும் பாதி."

"ஹார்பர் கேட்டுக்கு வெளிய கெடந்துச்சு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். இந்த முத்தையாபுரத்தில் நான் சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள் உண்டு, ஒன்றையுமே நம்பாதவர்களும் உண்டு. சரியாகப் பாதியை மட்டும் நம்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

டிரம்மை வெட்டி, ஆழ்வார்திருநகரிப் பக்கம் உங்கள் ஊர் வாய்க்கால் மண்ணை உமி சேர்த்துப் பிசைந்து உள்ளே பூசினோம். பானை உட்கார மூன்று குமிழ்களை நான்தான் பிடித்துவைத்தேன், கோபுரக் கலசம் மாதிரி உயரமாக. நீங்கள் வந்து ஈரத்தோடு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கினீர்கள். "இதுலயும் பாதி" என்றீர்கள். எனக்கு அன்று கொஞ்சம் கோபம்தான்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்த அடுப்பை யாரும் மூட்டவில்லை. உப்புக்காற்று டிரம்மைத் தின்றுவிட்டது. அண்ணனையும் ஏதோ தின்றுகொண்டுதான் இருந்தது. ஹார்பரில் அத்தனை பெரிய கிரேனை ஆட்டி வைத்த மனிதர், இரண்டு இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்தார். சட்டை அவருக்கு ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. உங்கள் ஓரகத்தி குக்கரில் கூட்டாஞ்சோறு வைத்துக் கொண்டுபோனாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "காந்தல் இல்லயே" என்று கையைக் கழுவிவிட்டாராம். அடிப்பிடித்த அந்தக் காந்தலுக்காக நீங்களும் அவரும் சண்டை போட்டது அவளுக்குத் தெரியாதா என்ன? வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்றே தெருவில் நின்று சொன்னேன், மைனியின் அடுப்பை மூட்டி என் கையால் பொங்கி அண்ணனைச் சாப்பிட வைக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று. தெருவே கைதட்டியது. சரி, இரண்டு வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன்தான், "வேண்டாம்ல. பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுரு" என்றார்.

போடவில்லை. துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தேன். ஓட்டை விழுந்த இடங்களில் வெல்டிங் பட்டறையில் தகடு வைத்துப் பற்றவைத்தோம். என் கைநேர்த்தியைப் பார்த்த பட்டறைக்காரர் என்னை வேலைக்குச் சேரச் சொன்னார். அதாவது, தகட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உதிர்ந்த பழைய பூச்சை நான் தூர எறியவில்லை, மைனி. அதை ஊறவைத்து, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த புது மண்ணோடு பிசைந்தேன். காயவும் விட்டேன்.

மூட்டிய அன்று அண்ணனைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தேன். பானையை ஏற்றி விறகைச் செருகினால், தீ பானையைத் தொடாமல் சுற்றிலும் வெளியே ஓடுகிறது. நெருப்பெல்லாம் எனக்கு, புகையெல்லாம் அண்ணனுக்கு. உலை கொதிக்கவே இல்லை.

"அடுப்பால இது? செங்கச் சூளையா?" இருமிக்கொண்டே அண்ணன் எழுந்துவிட்டார். செருப்பையும் மாட்டிக்கொண்டார். அவர் அப்படியே போயிருந்தால் மறுபடி அந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார்.

பானையை இறக்கிப் பார்த்தேன். மூன்று குமிழ்களும் கலசம் மாதிரி உயர்ந்து நின்றன. என் கை பழைய புத்தியில் பிடித்துவைத்திருக்கிறது.

"பாதியாக் குறைக்கணும்ணே" என்றேன்.

செருப்போடு நின்றார் அண்ணன். அடுப்பு ஆறும்வரை நின்றார். நான் அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியதும் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னுங் கொஞ்சம் தேயில. அவ இத விடத் தாழ்வாத்தான் வச்சிருந்தா."

"போதும்ணே, ஒடஞ்சிரும்."

"நான் தெனமும் பாத்தவம்ல. இங்கன கொண்டா."

என் கையிலிருந்து அரத்தைப் பிடுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். குமிழ்மேல் உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். நீங்கள் அமுக்கிய அதே அளவு. மறுபடி மூட்டியபோது தீ பானையின் அடியை அணைத்துக்கொண்டு நின்றது. உலை கொதித்தது. முருங்கைக்கீரையைப் போட்டதும் தெருவே மணத்தது. இது முழுதும் உண்மை, விசாரித்துக்கொள்ளலாம்.

காந்தல் பிடித்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. அண்ணன் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் போட்டுக்கொண்டார். பிறகு தட்டை நீட்டி, "ஏலே, இன்னும் வையி" என்றார். உங்கள் ஓரகத்தி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புகை என்றாள். அப்போது புகையே இல்லை.

இன்று காலை டீக்கடையில் கேட்டார்கள், அண்ணாச்சி சாப்பிட்டாரா என்று. நாலு தட்டு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீங்கள் இல்லாத இடத்திலும் இப்போதெல்லாம் நானே கழித்துக்கொள்கிறேன், மைனி. ரெண்டு தட்டு என்றேன்.

இதில் கழிக்காதீர்கள். இரண்டேதான்.