கயிறு தெரிகிறது

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஒரு பழிவாங்கும் படம். வழக்கம்போல ஃபோனை டீவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, "ரெடியா? ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு" என்று இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். என் மனைவி பக்கம் கொஞ்சம் முந்திக்கொண்டது. நான் நிறுத்தி, தள்ளி, சரிசெய்வதற்குள் வில்லன் வந்து இரண்டு பேரைக் கொன்றுவிட்டான்.

அவள் அந்த ஊருக்குப் போய் அரை வருஷத்துக்கு மேலாகிறது. பெரிய ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை, நல்ல சம்பளம். ஒரு வருஷம் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. ஞாயிறு மதியம்தான் இருவருக்கும் ஓய்வு. சீனச் சண்டைப் படம் என்றால் எனக்கு உயிர். அவளுக்கு அதெல்லாம் காமெடிப் படம்.

சத்திரத்தில் சண்டை. மாடியிலிருந்து ஒருவன் மேசைமேல் விழுந்தான். மேசை இரண்டாகப் பிளந்தது. அடுத்தவன் அடுத்த மேசைமேல்.

"அந்தச் சத்திரக்காரர் பாவம்டா. யார் யாரைப் பழிவாங்கினாலும் நஷ்டம் அவருக்குத்தான்."

"நீ சண்டையைப் பாரு."

"என்ன சண்டை? பத்துப் பேர் சுத்தி நிக்கிறான், ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கிட்டு ஓரமாப் போய் விழறான். எங்க ஆஸ்பத்திரியில ஊசி போடக்கூட இவ்வளவு ஒழுங்கா வரிசையில வரமாட்டாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கதாநாயகன் குருவின் பிணத்தைச் சுமந்துகொண்டு மலையேறும் இடம் வந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவருக்கும் சீனப் படப் பைத்தியமாம். கேன்டீனில் பேச்சு வந்ததாம். "உன்ன மாதிரியே ஒரு கிறுக்கு" என்றாள். முகம் தெரியாத ஒரு மனுஷன் என் கட்சியில் சேர்ந்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

நடிகருக்கு நிஜமாகவே சண்டை தெரியும் என்றால் கேமரா தள்ளி நின்று தலையிலிருந்து கால்வரை காட்டுமாம். தெரியாதவர் என்றால் கை, கால், முகம் என்று துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவார்களாம். எக்ஸ்ரேக்காரர் சொன்னாராம்.

நல்ல விஷயம்தான். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. தெரிந்ததுபோல "ஆமாமா" என்றேன். அப்புறம் இன்னும் இரண்டு தரம் "எக்ஸ்ரேக்காரர் சொன்னார்" வந்தது. அந்த ஆளுக்கு வேலையே கிடையாதா?

ஏப்ரல் 7, ஞாயிறு

அவளுக்கு டியூட்டி மாறிவிட்டதாம். படம் இல்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கூரைக்குக் கூரை தாவி ஓடும் சண்டை. அவள் ஏதாவது நக்கலடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"கயிறு தெரியுது பாரு, இடது தோள்கிட்ட" என்றாள். உற்றுப் பார்த்தேன். தெரிந்தது. நடிகரைக் கட்டித் தூக்கும் கயிறு, மெல்லிய கோடாக. "டப்பிங் வேற எல்லாத்தையும் கெடுக்குது. சீனத்துலயே பாக்கணும் இதையெல்லாம்."

சீனத்திலா? கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கச் சோம்பல்பட்டு, டப்பிங் இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்று அடம்பிடித்தவள்!

படம் முடிந்து ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. இன்று எக்ஸ்ரேக்காரர் பேச்சே வரவில்லை. போன வாரமும் வரவில்லை. அவர் சொல்கிறமாதிரியான பேச்சு மட்டும் வருகிறது. ஆள் வருவதில்லை.

சும்மா இரு. கண்டதையும் நினைக்காதே.

மே 5, ஞாயிறு

புதுப் படம். இந்த வாரம்தான் வந்திருக்கிறது. நான்தான் தேர்ந்தெடுத்தேன். எந்தப் படம் என்று போடுகிறவரை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணன்காரன் எல்லாரையும் வெட்டிச் சாய்த்துவிட்டுத் தங்கையைத் தேடி ஓடிவருகிறான். நீளமான நடைபாதை, கடைசியில் ஒரு கதவு. அவன் நடக்க ஆரம்பித்தபோதே ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழறியா என்ன?"

"ஒண்ணுமில்ல, சளி."

அவன் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். கதவைத் திறந்தான். உள்ளே தங்கை செத்துக் கிடந்தாள்.

எங்கள் இரண்டு பக்கமும் ஒரு நொடி முன்னே பின்னே ஓடும். இது ஒரு நொடி இல்லை.

"முன்னாடியே பாத்துட்டியா?"

"இல்லையே. எப்பப் பாக்குறது? டியூட்டிக்கே நேரம் சரியா இருக்கு."

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் நான் அடுத்த கேள்வி கேட்டிருக்கமாட்டேனே. ஏன் இல்லை என்றாள்?

மே 8, புதன்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு வாத்தியாரம்மாவின் கண்ணாடியில் இடது லென்ஸை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. போன பிறகு, "என்னப்பா, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடற, உன் கண்ணு எங்க இருக்கு?" என்றார்.

மே 11, சனி

அக்கா வந்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே பையைக் கீழே வைத்துவிட்டு "என்னடா?" என்றாள். சொன்னேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது. கயிறு தெரிகிறது என்றாள், கதவு திறக்கும் முன்னே அழுதாள். இதெல்லாம் ஒரு குற்றச்சாட்டா?

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவகிட்ட நேராக் கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா பதில் சொல்லிடுவா, அக்கா."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரமெல்லாம் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மே 19, ஞாயிறு

லீவில் வந்திருக்கிறாள். நேற்று வந்தாள். இளைத்திருக்கிறாள், தலைமுடியை வெட்டியிருக்கிறாள், அழகாக இருக்கிறாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நான் டீவியைப் போட்டேன். "இன்னிக்குப் படம் வேணாமே" என்றாள். நான் கேட்கவில்லை. இத்தனை மாதம் கழித்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். ஃபோன் வேண்டாம், ஒண்ணு ரெண்டு மூணு வேண்டாம். சோபாவின் அந்த மூலையில் அவள், இந்த மூலையில் நான். முதல் சண்டை முடிவதற்குள் அவள் சத்தத்தைக் குறைத்தாள்.

"நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

எனக்குத் தெரியும். இருந்தாலும் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா ஒண்ணும் நடக்கல. அவரும் நானும் சேர்ந்து படம் பாத்தோம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னா நான் ஏன் அழறேன்?"

கத்தவேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "என்கூடப் பாக்குறப்போ எவ்வளவு சிரிச்ச நீ" என்றேன். கெஞ்சுகிற குரல். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஆமா, சிரிச்சேன். உனக்கு அதான் பிடிக்கும். எனக்கு இந்தப் படமெல்லாம் நிஜமாவே பிடிக்க ஆரம்பிச்சது உனக்குத் தெரியுமா? ஒரு நாள், அந்தப் பொண்ணு மழையில தனியா வாள் சுத்துவா இல்ல, எவ்வளவு அழகுன்னு சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்ச. நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சு."

எனக்கு ஞாபகம் இல்லை. அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகமே இல்லை.

"அவர்கிட்ட அதையே சொன்னேன். ஏன் அழகுன்னு கேட்டார். யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. அன்னிக்கு ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருந்தேன்."

மே 20, திங்கள்

போகட்டும். போனா போகட்டும். எனக்கென்ன. ஒரு படத்தப் பாத்து ஏன் அழகுன்னு கேட்டா அது காதலா? நானும் கேட்டிருப்பேனே — ஒரு வார்த்தை, நான் கிண்டல் பண்ணலடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கமாட்டேனா?

மாட்டேனோ?

போகாதேடி.

யாருக்கு எழுதுகிறேன் இதை? காலை ரயிலில் போய்விட்டாள். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. ஆட்டோ ஏற்றிவிட்டு, பெட்டியைத் தூக்கி வைத்து, உள்ளே வந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். மழையில் அந்தப் பெண் தனியாக வாள் சுழற்றுகிறாள். எதிரி யாரும் இல்லை. யாரையும் அடிக்கவில்லை. நனைந்த சட்டைக்கை ஒரு பக்கம் இழுக்கிறது, வாள் ஒரு பக்கம் இழுக்கிறது, அவள் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறாள். கேமரா தள்ளி நின்று முழுசாகக் காட்டுகிறது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஏன் அழகு என்றுகூடச் சொல்லமுடியும் இப்போது. யாரிடம்?

ஆகஸ்ட் 3, சனி

ஃபோன் செய்தாள். இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்டால் சீக்கிரம் முடியுமாம், ஆறு மாதக் காத்திருப்பைக்கூடக் கேட்டால் தளர்த்துவார்களாம். "உனக்குச் சம்மதமா?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்றாவது தரம் சரி என்றேன். அக்கா அவளைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டாதே என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அவள் உடுப்புகளை அக்கா மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் வெளியே நடந்துவிட்டு வந்தேன். ஞாயிறு மதியம் இந்தத் தெருவில் இவ்வளவு பேர் நடமாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 12, செவ்வாய்

கோர்ட். எங்களைக் கூப்பிடும்வரை வெளியே நீளமான பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். எங்கள் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதில் அவள் கைப்பையை வைத்திருந்தாள்.

"சாப்டியா?"

"ம். நீ?"

"ரயில்லயே சாப்டேன்."

சுவரில் ஒரு டீவி. யாரோ ஏதோ சேனலைப் போட்டுச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சீனச் சண்டைப் படம். கிழவர் ஒருவர் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு எதிரில் வருகிறவனை மறித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இருவரும் பார்த்தோம். காத்திருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவர் "கிழவன் விடமாட்டான் போல" என்றார்.

கிழவர் கால் வழுக்கிய நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நீதிபதி கேட்டதற்கு ஆமாம் என்றோம். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்தபோது டீவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் கூடவே இறங்கினோம். கீழே வந்ததும் நின்றாள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி அப்ப, போயிட்டு வ—" என்றவள் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"போறேன்" என்றாள்.

"சரி" என்றேன்.