கட்டமாகத் தெரிந்த அம்மா

காலையில் என் தங்கை மகள் போனில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தாள். வரியின் நடுவே ஒரு வெற்றுக் கட்டம். அவள் போட்ட குட்டிப் படத்தைக் காட்ட என் பழைய போனுக்குத் தெரியவில்லை போலும். உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்தே காபியை ஆறவிட்டேன். இந்த மாதிரிக் கட்டத்தைப் பார்த்தால் உன் ஞாபகம்தான் வரும் எனக்கு.

கோலார் தங்கச் சுரங்கம் மூடிய வருஷம் அது. ஆட்கள் போகும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்க, ஷாஃப்ட் குழியின் வாசலில் மணியடித்துக்கொண்டிருந்த நீ, ஆண்டர்சன்பேட்டையில் நான் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டாளியாக வந்தாய். வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போயிருந்த உன் தங்கைக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். போனில் பேச அந்த வீட்டில் விடமாட்டார்கள். தபால் போய்ச் சேர இரண்டு வாரம். வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் அங்கே ஒரு சென்டருக்குப் போய், அவளுக்காக நீ எழுதும் வலைப்பக்கத்தைத் திறப்பாள். நம்முடைய ஃபாண்ட் அங்கே இல்லாததால் எல்லாம் கிறுக்கலாகவே தெரிந்தது.

அப்போதுதான் யூனிகோடு அட்டவணையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாய். எழுத்துக்கு ஓர் எண்; முன்னால் & குறியும் # குறியும், பின்னால் அரைப்புள்ளி. 'அம்மா' என்று எழுத ஐந்து எண்கள்.

"மூணெழுத்துக்கு இன்னாத்துக்குடா அஞ்சு?" என்றேன்.

"புள்ளிக்கும் தனி நம்பர், காலுக்கும் தனி நம்பர் குட்த்துகிறான்டா!"

ஆனால் நம் பழைய கம்ப்யூட்டரில் ஐந்தும் ஐந்து கட்டங்களாகவே நின்றன. அங்கே புது கம்ப்யூட்டர், சரியாகத் தெரியும் என்றாய். எதை வைத்து நம்புவது என்று கேட்டேன்.

"சொரங்கத்துல எத்தினி வாட்டி மணி அடிச்சா இன்னா அர்த்தம்னு மேல ஒரு சார்ட்டு, கீழ அதே சார்ட்டு. மணிய சரியா அடிச்சா போதும். கீழ கீறவன் மூஞ்சிய நான் எப்பனா பாத்துகிறனா?"

அந்த வாரம் உன் அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. உடனே புறப்பட்டு வா என்று முழுக்க எண்களாலேயே எழுதிவைத்து, "வெள்ளிக்கெயமக்குள்ள நெட்டுல ஏத்திடுடா" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்கக் கட்டங்கள். பாவம், அந்தப் பெண் பயந்துவிடுவாள், நீ வந்ததும் சரிசெய்யலாம் என்று என் மேதாவித்தனத்தில் நிறுத்திவைத்தேன். போனில் நீ கேட்டபோது "ஏத்திட்டேன்" என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாய். நான் உளறிக் கொட்டினேன்.

"மணி அடிக்கல. அடிச்சேன்னு வேற சொல்லிகிற."

அவ்வளவுதான் சொன்னாய். ஷாஃப்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். நீயே உட்கார்ந்து ஏற்றினாய். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் படித்தாள். அழுது லீவு வாங்கி வந்து சேர்ந்த பிறகு அம்மா இரண்டு நாள் இருந்தார். ஒன்பது நாள் கிடைத்திருக்கும்.

காரியம் முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். "எய்த்தெல்லாம் எப்டி வந்துச்சு? புள்ளி மேலயே நின்னுச்சா?" என்று கேட்டாய். அந்தத் துக்கத்திலும் உனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"நின்னுச்சுண்ணா. ஆனா மொத வாரம் ஏன் ஒண்ணுமே வரல?"

நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "லைன் கட்டாயி கெடந்துச்சும்மா" என்றாய்.

அம்மாவைப் போல நீயும் போய்விட்டாய். அவள் பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் செய்கிறாள், வாய் நிறைய அண்ணா என்கிறாள். அந்த ஏழு நாளைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.