அப்பாவின் கோட்டில் நான்கு பட்டாளத்துப் பொத்தான்கள்

சங்கராபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் இந்த மழை ஈரத்தில் ஜாஸ்தியாகி மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். நேற்றுக்கூட வீடியோவில் பேசிவிட்டு இன்று எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன் அம்மா, உன் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கொல்லை மக்காச்சோளத்தில் புழு விழுந்த கதையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் நண்பர் புதன்கிழமை கிளம்புகிறாராம், அவர் கையில் சாமை அரிசியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

எங்கள் போர் வரலாற்றுக் குழுவைப் பற்றி உனக்குத் தெரியும், மாதம் ஒரு ஞாயிறு தமிழழகன் டியூஷன் சென்டரில் கூடுவோம், மற்ற நாளெல்லாம் வாட்ஸப்பில் வினாடி வினா ஓடும். எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டது என்ன கிழமை என்று கேட்டால் செவ்வாய் என்று முதலில் பதில் போடுகிறவன் நான்தான். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவனை நாலு பேர் சார் என்று கூப்பிடுவது அங்கேதான், அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது. விதைக்கடை வெங்கடேசன் இருக்கிறாரே, பழைய பட்டாளத்துப் பொத்தான், தொப்பி வில்லை எல்லாம் சேர்க்கிறவர், அவருடைய தாய்மாமன் எழுபத்தொன்றாம் வருஷச் சண்டைக்குப் போனவர். ஒருநாள் எல்லோரும் அவரவர் வீட்டுச் சிப்பாய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெங்கடேசன் என்னைப் பார்த்து, "இவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கீங்களே சார், உங்க வூட்ல யாருனா பட்டாளத்துல இருந்தாங்களா?" என்று கேட்டார். எங்கப்பா இருந்தாருங்க, பர்மா போனாருங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. மறுநாள் போட்டோவும் அனுப்பினேன், உனக்கும் அதையே சொல்லி அனுப்பி நீ உன் ஸ்டேட்டஸில் வைத்தாயே, அதே போட்டோதான்.

உன் தாத்தா பட்டாளத்துக்கே போகவில்லை எழில். அவருடைய கொளஞ்சியப்பன் பேண்டு செட் என்றால் ஒரு காலத்தில் உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்வராயன்மலை வரைக்கும் தெரியும், கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நின்று ட்ரம்பெட் ஊதுவார். போட்டோவில் இருப்பது பேண்டு செட் உடுப்பு. கையில் ட்ரம்பெட் இருக்கும், அதைப் போனிலேயே வெட்டிவிட்டு வயிற்றுக்கு மேலே மட்டும் அனுப்பினேன். நீ சின்னப் பிள்ளையில் கேட்டபோது தாத்தா மெட்ராஸில் ஏதோ வேலை பார்த்தார் என்று சொன்னதும் பொய். பள்ளிக்கூடத்தில் என்னை பீப்பீ மகன் என்று கூப்பிடுவார்கள், அதிலிருந்து தப்பிக்க ஆரம்பித்தவன் அறுபத்தாறு வயதிலும் நிற்கவில்லை. உன் அம்மாவையும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்தேன்.

அதோடு போயிருந்தால்கூட ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். ஆனால் வெங்கடேசன் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்து, கோட்டில் இருக்கும் நாலு பொத்தானும் நாலு வேறு வேறு பட்டாளத்துடையது என்று கண்டுபிடித்துவிட்டார். என் அப்பா மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலில் பொறுக்கி எடுத்துத் தைத்துக்கொண்ட பொத்தான்கள் அவை, பளபளப்பாக இருந்தால் போதும் அவருக்கு. குழுவில் மூன்று நாள் விவாதம், ஒரே ஆள் நாலு படையில் எப்படி இருந்திருப்பார் என்று. கடைசியில் இது ரகசிய வேலையாகத்தான் இருக்கும், அதனால்தான் ரெக்கார்டில் பெயர் இல்லை என்று அவர்களாகவே முடிவுக்கு வந்தார்கள். வெங்கடேசன் எட்டுப் பக்கத்துக்குக் கட்டுரையே எழுதினார். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை டியூஷன் சென்டரில் தாத்தா படத்தைத் திறந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ்கூட வைத்தார்கள்.

அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் அய்யனார் மாமா வந்தார். அவரை உனக்குத் தெரியாது, அப்பாவோடு பெரிய ட்ரம் அடித்தவர், இப்போது வெள்ளிமலையில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் மருந்து வாங்க இறங்கி வந்திருக்கிறார். ஊர் ஊராகப் போகும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். நேரே படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, "நம்ம கொளஞ்சி வாத்தியாரு! இவருகிட்டதாங்க நான் இருவது வருசம் ட்ரம்மு அடிச்சேன், இன்னாத்துக்குப் பட்டாளம்னு எழுதிக்கினு இருக்கீங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அறுபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரிஞ்சவருங்களா சார் என்று வெங்கடேசன் கேட்டார். நான், உன் அப்பன், எனக்கு இவர் யாருன்னே தெரியாதுங்க, வயசாயிடுச்சி, ஆள் மாத்திப் பேசறாரு என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, கண்ணு சரியில்ல, வேற யாரோன்னு நெனச்சிக்கினேன், மன்னிச்சிக்கோங்க" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எழில், எண்பத்து நாலு வயசு மனுஷன் என் மானத்தைக் காப்பாற்ற என்னையே கும்பிட்டார். டீயும் மிக்சரும் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்களாம், தொடாமல் எழுந்து போய்விட்டாராம். எனக்குச் சால்வை போர்த்தினார்கள், அதையும் போர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "எங்க மாமனாருக்கு இன்னிக்கி ரெண்டாவது தபா கருமாதி பண்ணிட்டு வந்துட்டியா" என்று கேட்டாள், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. வியாழக்கிழமை பஸ் பிடித்து வெள்ளிமலைக்குப் போனேன். மாமா வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் நடக்காத மாதிரி, "வா தம்பி, சாப்ட்டியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "விடு தம்பி. ஊர்ல அத்தினி பேர் கல்யாணத்துக்கும் ஊதனோம், பந்தியில மட்டும் கடைசியாதான் ஒக்கார வெச்சாங்க. நம்ம ஆளுங்கள்ல யாருக்குனா மாலை போட்டுப் படம் மாட்டிக்கிறாங்களா? நீ எதுவும் சொல்லிப்புடாத, வாத்தியாரு படம் அங்கியே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். வரும்போது இரண்டு படி சாமை கட்டிக் கொடுத்தார், உனக்கு அனுப்புவது அதுதான், கழுவிக் கல் பார்த்து வடி.

அவர் அவ்வளவு சொல்லியும் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ட்ரம்பெட்டோடு இருக்கிற முழுப் போட்டோவைக் குழுவில் போட்டு நடந்ததெல்லாம் எழுதிவிட்டேன். மாமா கேட்ட ஒரே காரியத்தையும் கெடுத்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது. மதியம் வெங்கடேசன் போன் பண்ணி, எட்டுப் பக்கம் எழுதவெச்சி எங்கள முட்டாளாக்கிட்டீங்களே சார் என்றார், அவர் குரலே உடைந்துபோயிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டாளத்துக்குப் போகாதவர் படம் நம்ம சுவரில் எதற்கு என்று தமிழழகன் இறக்கி வாசலில் வைத்திருந்தார், செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். காகிதத்தைப் பிரித்த உன் அம்மா எங்கே மாட்டுவது என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீடு கட்டி இருபத்தெட்டு வருஷமாகிறது, உன் கல்யாணப் போட்டோ, சாமி படம், காலண்டர் எல்லாம் மாட்டியிருக்கிறேன். பெற்ற அப்பனுக்கு ஒரு ஆணி அடிக்கவில்லை. நீயும் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்காதபடி உன்னை வளர்த்திருக்கிறேன். ஹாலில் நடுவில் மாட்டியாயிற்று.

பேரன் வகுப்பில் எழுந்து நின்று என் கொள்ளுத்தாத்தா போர் வீரர் என்று சொன்னதை நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடு. தாத்தா பொய்யா சொன்னாரு என்று கேட்டால் ஆமாம் என்று சொல், எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே. கொள்ளுத்தாத்தா ட்ரம்பெட் ஊதினார் என்பதையும் சொல், அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்ளாதே. வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே, மாப்பிள்ளையை வெயிலில் அதிகம் வண்டி ஓட்டவேண்டாம் என்று சொல். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொல்கிறாள். பொங்கலுக்கு வரும்போது வெள்ளிமலைக்கு ஒருநாள் ஒதுக்கி வை, அய்யனார் மாமா காலில் நீயும் பேரனும் விழ வேண்டும். கோபமாக இருந்தால் இரண்டு நாள் போன் பண்ணாதே, மூன்றாம் நாள் பண்ணிவிடு.

இப்படிக்கு,
பேண்டு செட் கொளஞ்சியப்பன் மகன்,
உன் அப்பா தீனதயாளன்.