சுவரோர மண்

ஜூன் 4

அக்கா வாங்கிய வீட்டின் மனையை இன்று அளந்தேன். நான் மனை பார்த்துச் சான்றிதழ் தரும் குடியிருப்பு ஆபீஸின் விதி எளிது: மழைத்தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட, சுவரிலிருந்து பத்தடிக்குள் மண் ஆறு அங்குலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஆறரை வந்தது. ஆனால் சுவரோரம் கொட்டிய மண் பொலபொலவென்று கிடந்தது. ரோலர் அங்கே நுழையாது. ஆள் வைத்துத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இடித்து, ஒரு மழை பார்த்து, மறுபடி அளந்த பிறகுதான் சான்றிதழ்.

அக்கா விட்டால்தானே. "உங்க அத்தான் இடுப்பு ஆபரேஷனோட ஆஸ்பத்திரியில கெடக்காரு. இப்ப இருக்கிற மாடி வீட்டுக்கு ஏற முடியுமாடா? நீ கையெழுத்துப் போட்டா சாவி குடுத்துடுவாங்க."

போட்டேன். வேறு யார் மனையாக இருந்தாலும் மேஸ்திரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

ஜூன் 11

குடி வந்துவிட்டார்கள். அத்தானின் கட்டில் கீழ் அறையில், அந்தச் சுவரை ஒட்டி. "மச்சான் பாத்துக் குடுத்த வீடு, கண்ண மூடிட்டுத் தூங்கலாம்" என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 19

முதல் மழை. அரை மணி நேரம்தான்.

ஜூன் 20

ரசமட்டத்தோடு போனேன். குடி வரும்போது பதித்த புல் பச்சைப்பசேலென்றுதான் இருக்கிறது, சுவரோரம் அக்கா வைத்த ரோஜாக் கன்றுகளும். அடியில் மண், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி அமுங்கிவிட்டது. தண்ணீர் வீட்டுப் பக்கமே திரும்பும்.

"என்னடா மறுபடி அளக்கிற?"

"சும்மாக்கா."

சும்மாவா? வாய் எதுக்குடா இருக்கு உனக்கு? சொன்னால் சான்றிதழ் ரத்து. அத்தானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? — பொய். என் வேலை போய்விடும், அதுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை நானே ஆள் வைத்துப் புல்லைப் பெயர்த்து இடித்துவிட்டால் போகிறது.

ஜூன் 22

மழை. நின்றால்தான் வருவேன் என்கிறான் ஆள்.

ஜூன் 23

நிற்கவில்லை.

ஜூன் 24

அக்கா போன் செய்தாள். "கீழ் ரூம்ல சுவரு வேர்க்குதுடா."

"ஜன்னலத் தொறந்து வைக்கா, காத்தில்லாம இருக்கும்" என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

ஜூன் 25

பட்டப்பகலில், பதினொரு மணிக்கு. சுவரடியிலிருந்து கசிந்த தண்ணீர் கட்டிலுக்கடியில் பரவியிருக்கிறது. அத்தான் பார்க்காமல் கால் வைத்து... அதே இடுப்பு. ஐயோ, அவர் போட்ட சத்தத்தை அக்கா சொல்லச் சொல்லக் கேட்க முடியவில்லை.

ஜூலை 8

இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று எங்கள் மேலதிகாரி, தண்ணீர் கசிந்ததை விசாரிக்க அக்கா வீட்டுக்கே வந்தார். நான் அவர் பின்னால் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என் தம்பி அளந்ததுல ஒரு தப்பும் இல்ல சார். நான்தான் சுவரோரம் ரோஜா வச்சு, தெனமும் குடம் குடமா ஊத்தினேன். அவர இப்படி ஆக்கினது நான்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படித்தானா?"

"ஆமா சார்."

அவர் போனதும் அக்கா குந்தி உட்கார்ந்து அந்தச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். கையெல்லாம் முள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினேன்.