சாவி முடிந்த முந்தானை

ஸ்ரீவில்லிபுத்தூர்
26.6.94, ஞாயிறு

அன்பு மகள் நாச்சியாருக்கு அம்மா ஆவுடையம்மாள் எழுதுவது. நாகப்பூரில் வெயில் தணிந்து, நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அப்பா முழு சுகம், நான் இடது முழங்கால் நீங்கலாக சுகம். முழங்கால் கதையைப் பின்னால் சொல்கிறேன். பதறாதே, நடக்கிறேன், சைக்கிள் மிதிக்கவும் செய்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆடிப் பூரத் தேருக்கு மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லோருமாக வருகிறீர்கள் என்று படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மேலே வாசித்துக்கொண்டே போனவள் இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். அவர்கள் இருக்கும் பத்து நாளும் சைக்கிளைப் பங்கஜவல்லி மாமி வீட்டில் விட்டுவிடு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிடு, அத்தை ஒரு மாதிரி, நாற்பத்தைந்து வயசில் அம்மா சைக்கிளில் போவதைப் பார்த்தால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மூன்று நாளும் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். கோபத்தில் எழுதினால் எழுத்து கோணிப் போகும், உனக்கு வாசிக்க வராது. இன்றைக்குக் கொஞ்சம் ஆறியிருக்கிறது. ஆனால் பதில் மாறவில்லை. சைக்கிளை ஒளித்து வைக்க மாட்டேன், லீவும் போட மாட்டேன். ஏன் என்று முழுசாகக் கேட்டுக்கொள். போன கடிதத்தில் சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று ஒரு வரிதான் எழுதினேன், தப்பு என் பேரில்தான்.

போன ஐப்பசியில் வன்னியம்பட்டி பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். எட்டரைக்கு வந்த பஸ் ஒன்பதே காலுக்கு வரத் தொடங்கியது, சில நாள் அதுவும் இல்லை. சத்துணவு ஸ்டோர் ரூம் சாவி அமைப்பாளரான என் கையில்தான் இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சமையல் பண்ணுகிற பரிபூரணம் அக்கா எட்டு மணிக்கே வந்து அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு, அரிசி எடுக்க வழியில்லாமல் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கார்த்திகையில் இரண்டு முறை உலை வைக்கப் பதினொன்றரை ஆகி, சாப்பாடு ஒன்றே முக்காலுக்குப் போட்டோம். தொண்ணூற்றிரண்டு பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் அதில் பாதிக்கு மேல். இரண்டு முறைக்கும் எனக்கு மெமோ வந்தது. வந்தது நியாயம்தான். மூன்றாவது தடவை இப்படி ஆனால் கூமாப்பட்டிப் பக்கம் மாற்றிவிடுவோம் என்று சத்துணவு ஆபீசர் அம்மா நேரிலேயே சொல்லிவிட்டார். கூமாப்பட்டிக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு பஸ்ஸுக்கே இந்தப் பாடு. மாற்றினால் வேலையை விட வேண்டியதுதான்.

அப்போதுதான் பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் பஞ்சர் கடை ஐயாதுரையிடம் நிற்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்பாவிடம் சொன்னேன். இந்த வயசுல உனக்கு என்ன சர்க்கஸ், நாலு பேர் என்ன சொல்லுவாவ என்றார். அந்த நாலு பேர் வந்து உலை வைப்பாகளா என்று கேட்டேன். சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். சரி என்று அதை வாங்கி நானே படித்தேன். அரைப் பரீட்சை லீவு, மார்கழி மாசம், விடியற்காலையில் தெருவில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டேன். நம் ஊரில் மார்கழி விடியலில்தான் தெரு நிறைய ஆள் என்பது எப்படி மறந்துபோனதோ. ஆள் மட்டுமா, வாசலுக்கு வாசல் கோலம், ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். எனக்கோ நேரே போகத் தெரியுமே தவிர ஒடிக்கத் தெரியாது. முதல் நாள் ஏழு கோலத்தை அழித்தேன். பங்கஜவல்லி மாமி வாசலில் சாண உருண்டையில் செருகியிருந்த பூசணிப் பூ மேலேயே ஏற்றிவிட்டேன். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, ஆவுடை, நீ படிக்கறியா இல்ல எங்க கோலத்துக்கு இஸ்திரி போடறியா என்று கேட்டார். கீழே விழுந்ததைவிட அதுதான் வலித்தது. மறுநாள் போகவே கூடாது என்று படுத்திருந்தேன். ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தால், மாமி கோலத்தை வாசலோடு ஒதுக்கிப் போட்டு, ரோட்டில் எனக்கு நாலடி வழி விட்டிருந்தார். அடுத்த வீட்டிலும் அப்படியே. அந்த நாலடியில்தான் நான் சைக்கிள் படித்தேன்.

தை பிறந்ததிலிருந்து சைக்கிளில்தான் போகிறேன். முதல் மாதம் பட்டது கொஞ்சமில்லை. வேலிக்கருவை முள் டயரை விடுவதில்லை, ஐயாதுரை என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைப்பான். லாரி வந்தால் குதித்துவிடுவேன், சைக்கிள் தனியாகக் கொஞ்ச தூரம் போய் விழும். ஒரு நாள் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் கேரியரில் வைத்திருந்த முருங்கைக்கீரையை ஒரு ஆடு முக்கால்வாசி தின்றுவிட்டது, அன்றைக்கு சாம்பாரில் கீரையைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் நாச்சியார், சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். ஊரைத் தாண்டியதும் புளியமர நிழல் ஒன்று வரும், அதில் பெடலை மிதிக்காமல் அப்படியே உருண்டு போவேன். இந்த ஆனிக் காற்று போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். திரும்பி வருகையில் எதிரே மலை முழுக்கத் தெரியும், உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்த மலையை இத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் பெல் சத்தம் கேட்டால் சத்துணவு டீச்சர் வந்தாச்சு என்று ஓடி வருவார்கள். உலை ஒரு நாள்கூடப் பத்து மணியைத் தாண்டியதில்லை.

அப்பா மட்டும் மனசு இறங்கவில்லை. ராஜபாளையம் மில்லுக்கு அவரும் என் நேரத்துக்குத்தான் சைக்கிளை எடுப்பார். ஆனால் என்னோடு சேர்ந்து தெருவில் வர மாட்டார். நான் இந்தப் பக்கம் போனால் அவர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். ஆறு மாசமாக அப்படித்தான். எனக்கு அது உறுத்தத்தான் செய்தது, வெளியே சொல்லவில்லை, உனக்குத்தான் இப்போது சொல்கிறேன்.

இனி முழங்கால் கதை. கூடவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் ஆபீசர் அம்மா பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. நல்லபடியாகப் போவோம் என்று, நீ முதல் சம்பளத்தில் எடுத்து அனுப்பினாயே மாம்பழக் கலர் சேலை, அதை உடுத்தினேன். சம்பந்தி வீட்டார் என்றைக்காவது வந்தால் ஸ்டேஷனுக்குக் கட்டிக்கொண்டு வா என்று சேலையோடு நீ எழுதி அனுப்பியதும் ஞாபகம் இருந்தது, ஒரு நாள்தானே என்று எடுத்துவிட்டேன். ஸ்டோர் சாவியை எப்போதும் போல முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். என் அம்மா முடிந்தாள், நானும் முடிகிறேன், சாவி என்றால் அதுதான் அதன் இடம் என்று கை பழகிவிட்டது. நடக்கிறவர்களுக்கு வந்த பழக்கம் அது, மிதிக்கிறவர்களுக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. புதுச்சேலை வழுக்கியது. புளியமரம் தாண்டி வேகமாகப் போகும்போது முந்தானை நழுவி, சாவிக் கனத்தில் நேரே செயினுக்குள் போய்விட்டது. ஒரு இழுப்புத்தான். நான் இடது பக்கமாக ரோட்டில் கிடந்தேன், முந்தானை ஒரு முழத்துக்கு மேல் பல் சக்கரத்தில் சுற்றி, அதற்கு நடுவில் சாவி மாட்டியிருந்தது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. எழுந்து நிற்கவும் முடியாது, சேலை சைக்கிளோடு இருக்கிறது.

ஆடு மேய்க்கிற செல்லத்தாய்க் கிழவிதான் ஓடி வந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நூல் நூலாக இழுத்துப் பார்த்தோம், அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. கிழவி நிமிர்ந்து, ஏட்டி, சாவி பெருசா சேலை பெருசா, வெரசாச் சொல்லு என்றாள். நான் அந்தச் சேலையைப் பார்த்தேன். நீ ஆபீசில் ஒரு மாசம் டைப் அடித்துச் சம்பாதித்தது. தபாலில் வந்த அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். அறு என்று சொல்லிவிட்டேன். தொரட்டிக் கம்பு நுனி அரிவாளால் அவள் முந்தானையை அறுத்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள். ஆனால் திரும்ப அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் அறு என்றுதான் சொல்வேன்.

செயினை மாட்டி, கிரீஸும் ரத்தமுமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. சாவி வளைந்து போயிருந்தது, பூட்டில் நுழையவே இல்லை. பெரிய வாத்தியார் ஜகந்நாதன் சார், பூட்டை உடைக்காதிய, ரூல் இல்ல, ஆபீசர் வந்து சொல்லட்டும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஆபீசர் எத்தனை மணிக்கு வருவாரோ, பிள்ளைகளோ பன்னிரண்டரைக்குத் தட்டை எடுக்கும். சார், நீங்களே சாட்சியா நில்லுங்க என்று சொல்லிவிட்டு அம்மிக் குழவியை எடுத்துவரச் சொன்னேன். மூன்றாவது அடியில் பூட்டு திறந்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது உலையில் அரிசி விழுந்தது.

பத்தரைக்கு ஆபீசர் அம்மா வந்தார். முதலில் கண்ணில் பட்டது உடைந்த பூட்டுத்தான். என்ன இது என்று கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, ரிஜிஸ்டரில் நடந்ததை நடந்தபடி எழுதி நீட்டினேன். வாசித்துவிட்டு, சாவியைப் போய்ச் சேலையில் கட்டுவார்களா என்றார். எங்க ஊர்ல அங்கதாம்மா முடிவோம் என்றேன். பிறகு அவர் என் சேலையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், அடுப்பில் கொதிக்கிற சோற்றைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கூமாப்பட்டி பஸ்ஸே கண்ணில் தெரிந்துவிட்டது. உணவு குறித்த நேரத்தில் தயாராகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, சாவிக்கு ஒரு கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அப்படித்தான் இப்போது மாட்டியிருக்கிறேன். மெமோ இல்லை, மாற்றலும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்து, கொடியில் கிடந்த சேலையைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார், சொன்னேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் தன் சைக்கிளில் இருந்த முழுச் செயின் கவரைக் கழற்றி என் சைக்கிளில் வைத்துக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். அது அளவு பொருந்தாமல் வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போடுகிறது, பெல்லே தேவையில்லை. அவர் வேட்டியில் இப்போது தினமும் கிரீஸ். துவைக்கும்போது திட்டிக்கொண்டேதான் துவைக்கிறேன்.

ஆகவே மகளே, சேலையை மடித்துத் தைத்துவிட்டேன். முந்தானை தோளைத் தாண்டி ஒரு சாண்தான் வரும், செயினுக்கு எட்டாது. நீ கேட்டபடி அதையே கட்டிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு வருவேன், சைக்கிளில்தான் வருவேன். உங்களை வீட்டில் சேர்த்து, இட்லியை மூடி வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன், மூன்றரைக்குத் திரும்பிவிடுவேன். தேர் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அன்று முழுக்க உங்களோடுதான். சம்பந்தியம்மா என் முந்தானையைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டால் நீ தலை குனியாதே, முந்திக்கொண்டு பொய்யும் சொல்லாதே. அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுவிடு. அவர்களும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்தான், தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளை என்றால் அவர்களுக்குப் புரியும். புரியாவிட்டால் அதற்காக நான் சைக்கிளைவிட்டு இறங்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். ஆண்டாள் தாயார் உங்களைப் பத்திரமாகக் கூட்டி வரட்டும். வரும்போது எனக்குப் புதுச்சேலை எதுவும் எடுக்க வேண்டாம், எடுத்தே தீருவேன் என்றால் சைக்கிளுக்கு ஒரு டைனமோ லைட் வாங்கி வா. மறக்காமல் ரயிலையும் தேதியையும் எழுது.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து, ஒரு சைக்கிள் வரும்னுல்லா எழுதியிருக்க, திருத்து, ரெண்டு சைக்கிளும் சேந்தே வரும்னு எழுது என்றார்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. ஆவுடையம்மாள்
சத்துணவு அமைப்பாளர், வன்னியம்பட்டி